நீண்ட குழல் கைத்துப்பாக்கியும் அந்தமான் புள்ளிமானும்

அந்தமான் தீவுகள் புள்ளிமானின் தாயகம் அல்ல. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கில ஆட்சியினர் அதனை இந்தியப் பெருநிலத்திலிருந்து கொணர்ந்து விட்டனர். புலி, சிறுத்தை, செந்நாய் ஆகிய பகை விலங்குகள் இத்தீவுகளில் இல்லாமையால், மானினம் தடையின்றிப் பெருகிற்று. மான் மேயும் காடுகளில் அடிநிலைச் செடிகொடிகள் குறைந்துள்ளன என்றும், அவற்றை நம்பி வாழும் பல்லி வகைகளும் அருகியுள்ளன என்றும் 2016ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

ஆகவே தென் அந்தமானில், புரோத்ராபூர் போன்ற ஊர்களில் பணியாற்றும் களப்பணியாளரிடமும் ஆசிரியரிடமும் இரு வினாக்கள் எழுப்பப்படலாம். மானைச் சுட்டு வீழ்த்தக் கைத்துப்பாக்கி போதுமா? போதுமெனில், அவ்வாறு சுடலாமா? முதல் வினாவுக்கு இயற்பியலும், இரண்டாவதற்குச் சட்டமும் விடை கூறுகின்றன.

குழலின் நீளம் செய்வது என்ன?

தோட்டாவின் மருந்து எரியும்போது உண்டாகும் வாயு, குண்டைக் குழலினூடே முன்னே தள்ளுகிறது. குழல் நீளமாயின், தள்ளும் தூரமும் மிகும். குண்டின் வேகமும் கூடும். காகிதக் குழலில் உலர்ந்த பட்டாணியை இட்டு ஊதினால் மாணவர் இதனை எளிதில் அறிவர். சிறு குழலைவிட நீண்ட குழலிலிருந்து பட்டாணி தொலைவில் சென்று விழும். ஆயினும் குழலை மேன்மேலும் நீட்டிக்கொண்டே போனால் வாயுவின் அழுத்தம் தளர்ந்துவிடும். உராய்வு மட்டுமே எஞ்சும்.

குண்டின் ஆற்றல் அதன் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் 10 சதவீதம் கூடினால் ஆற்றல் 21 சதவீதம் கூடுகிறது. மெதுவாக எரியும் மருந்து மிகுதியாக அடங்கிய பெரிய தோட்டாக்களுக்கு நீண்ட குழல் பெரும்பயன் தரும். சிறு தோட்டாக்களுக்கு அதனால் விளையும் பயன் சிறிதே.

நீண்ட குழலின் மற்றொரு நன்மை குறிபார்த்தலில் உள்ளது. முன், பின் குறிமுட்களுக்கு இடையே 15 சென்டிமீட்டர் இருப்பதாகக் கொள்வோம். கை அசைவினால் முன்முள் 1 மில்லிமீட்டர் விலகினால், 50 மீட்டர் தொலைவில் குண்டு சுமார் 33 சென்டிமீட்டர் விலகிப் படும். இடைவெளி 25 சென்டிமீட்டராயின் அப்பிழை 20 சென்டிமீட்டராகக் குறையும். மானின் இதயமும் நுரையீரலும் அமைந்த மார்புப் பகுதி மிகச் சிறிய இலக்கு. எனவே இவ்வேறுபாடு, உடனே வீழ்ந்த மானுக்கும் காயத்துடன் ஓடி மறைந்த மானுக்கும் உள்ள வேறுபாடாகவே முடியும்.

அரைத் தானியங்கி அமைப்பு

அரைத் தானியங்கித் துப்பாக்கியில், ஒவ்வொரு முறை சுட்டவுடன் வெற்றுறை வெளியேறி, அடுத்த தோட்டா தானே குழலின் பின்புறம் வந்து அமர்கிறது. பெரும்பாலான வகைகளில் பின்னுதைப்பே இவ்வேலையைச் செய்கிறது. அவற்றில் குழலும் மேற்சறுக்கியும் சேர்ந்து பின்னோக்கி நகர்வதால், அவற்றின் எடையும் சுருள்வில்லின் வலிமையும் ஒன்றுக்கொன்று பொருந்தியிருத்தல் வேண்டும். குழலை மட்டும் நீட்டினால் இப்பொருத்தம் கெட்டுவிடும். 2015ஆம் ஆண்டில் வெளிவந்த 10 மில்லிமீட்டர் குளோக் 40 வகையில், சுமார் 15 சென்டிமீட்டர் குழலுக்கேற்ப மேற்சறுக்கியும் நீட்டப்பட்டுள்ளது.

1980களில் வந்த டெசர்ட் ஈகிள் வேறு முறையைக் கையாளுகிறது. அதில் குழல் நிலையாகப் பொருத்தப்பட்டுள்ளது. குழலிலிருந்து பிரியும் வாயுவே இயந்திரத்தை இயக்குகிறது. ஆகவே 10 அங்குலக் குழலையும் அது தாங்கும். எனினும் உறையிடாத ஈயக் குண்டுகள் அதன் வாயுத் துளையை அடைத்துவிடும். அதன் எடையும் ஏறத்தாழ 2 கிலோகிராம் என்பதால், கையை நீட்டி அசையாது பிடித்தல் எளிதன்று.

இவற்றால் தேர்வின் வரிசை தெளிவாகும். முதலில் விலங்கின் பருமனையும் சுடும் தொலைவையும் கருத வேண்டும். அடுத்து அதற்குத் தகுந்த தோட்டாவை. பின்னரே குழலின் நீளத்தை. கைத்துப்பாக்கி வேட்டை வழக்கிலுள்ள அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலம், மான் வேட்டைக்குக் குறைந்தது 5 அங்குலக் குழலும் 0.357 அங்குலக் குண்டும் தேவையென விதித்துள்ளது. இந்தியாவில் உரிமம் பெற்றோரிடம் பெரும்பாலும் காணப்படும் 0.32 அங்குலக் கைத்துப்பாக்கியின் ஆற்றல் ஏறத்தாழ 170 ஜூல், 0.44 மாக்னம் தோட்டாவின் ஆற்றலோ 1,000 ஜூலுக்கும் மேல். முன்னதற்கு எவ்வளவு நீண்ட குழலைப் பொருத்தினும் அது மான் வேட்டைக்குரிய ஆயுதம் ஆகாது.

சட்டத்தின் நிலை

துப்பாக்கி தகுதியுடையதாயினும், அதனைக் கொண்டு மானைச் சுடுதல் இங்குக் குற்றமாகும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் புள்ளிமானை வேட்டையாடுவதைத் தடை செய்கிறது. அந்தமானில் அது வெளியிலிருந்து வந்த இனம் என்பது விலக்காகாது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி பெற்ற உரிமம், ஆயுதத்தை வைத்திருக்கும் அனுமதியேயன்றி, வேட்டையாடும் அனுமதி அன்று. அறிவியல் முறையில் விலங்குத் தொகையை ஒழுங்குபடுத்த 12ஆம் பிரிவு வழிவகுப்பினும், அது கொல்லாமலும் நஞ்சிடாமலும் நடைபெற வேண்டுமென்று அப்பிரிவே வரையறுக்கிறது.

மானினால் காட்டிற்கு நேரும் கேடு மெய்யே. அதனை எவரும் மறுப்பதற்கில்லை. ஆயினும் தனியொருவர் கைத்துப்பாக்கியுடன் புதருக்குள் நுழைவதால் அக்கேடு நீங்காது. குறி தவறிய குண்டு காயமுற்ற விலங்கையே மிச்சம் வைக்கும்; அடர்ந்த பசுமைக் காட்டில் அதனைத் தேடிக் கண்டு துன்பம் தீர்ப்பது மிக அரிது. சுடப்பட்ட மானையோ கைவிடப்பட்ட ஆயுதத்தையோ காணும் களப்பணியாளர், அவற்றைத் தொடாது வனத்துறைக்கு உடனே அறிவித்தல் வேண்டும். ஆசிரியரோ பட்டாணிக் குழலைக் கொண்டு வேகத்தின் விதியைக் கற்பிக்கலாம். அவ்விதியை அறிந்த மாணவன், நீண்ட குழல் ஒன்றே வேட்டைக்குப் போதுமென்று நம்பமாட்டான்.