உங்களுக்குத் தெரியுமா? ஒருவர் நீந்த, ஊர் கொடுக்க

◆ சிரம்பான் பக்கத்துச் சுங்கை காடுட்டிலிருந்து ஞாயிற்றுக்கிழமை சோறு கட்டிக்கொண்டு கிளம்பினால், பிள்ளைகள் பசி என்று சொல்வதற்குள் போர்ட்டிக்சன் கடற்கரை வந்துவிடும். முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு நாம் பார்க்கிற அந்தக் கடல்தான் மலாக்கா நீரிணை. கரையோரமாகத் தெற்கே போனால் தஞ்சோங் துவான் முனை. 1863-இல் கட்டிய கலங்கரை விளக்கம் அங்கே இன்னும் நிற்கிறது. அந்த முனைக்கு எதிரே சுமத்ரா பக்கம் இருப்பது ரூப்பாட் தீவு. இடையில் ஏறக்குறைய 38 கிலோமீட்டர் கடல். உலகமே பேசுகிற இங்கிலீஷ் கால்வாயின் ஒடுங்கிய இடம் ஏறக்குறைய 33 கிலோமீட்டர்தான்!

◆ ஆண்டுதோறும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் ஆயிரக்கணக்கான தேன்பருந்துகள் சுமத்ராவிலிருந்து கடலைக் கடந்து தஞ்சோங் துவான் காட்டுக்கு வந்து சேர்கின்றன. தரையிலிருந்து எழும் வெப்பக் காற்றில் சிறகை விரித்து மிதந்து போவது பருந்தின் வழக்கம். கடலுக்கு மேலே அந்தக் காற்று கிடைக்காது, சொந்தப் பலத்தில் சிறகடித்தாக வேண்டும். அதனால் கடல் எங்கே ஒடுக்கமோ அங்கே பார்த்துக் கடக்கின்றன. நீரிணை நீந்துகிறவர்கள் போடுகிற கணக்கும் இதேதான்.

◆ இலங்கைக்கும் தமிழ்நாட்டுக்கும் இடையே உள்ள பாக்கு நீரிணையை முதன்முதலில் நீந்திக் கடந்தவர் ஒரு தமிழர். யாழ்ப்பாணத்து வடமராட்சிக் கரையைச் சேர்ந்த நவரத்தினசாமி. 1954 மார்ச்சில் வல்வெட்டித்துறையில் இறங்கி, 27 மணி நேரம் நீந்திக் கோடிக்கரையில் ஏறினார். சிரம்பான் வட்டாரத்து ரயில்வேயிலும் ஆஸ்பத்திரியிலும் தோட்டத்து ஆபீசிலும் வேலை பார்க்க வந்த யாழ்ப்பாணத்தார் பலர். அவர்களின் பேரப்பிள்ளைகளில் எத்தனை பேர் இந்தப் பெயரைக் கேட்டிருப்பார்கள் என்று நினைத்தால் மனம் கனக்கிறது.

◆ நவரத்தினசாமிக்குப் பின் அதே கரையிலிருந்து வந்தவர் குமார் ஆனந்தன். ஊர் அவருக்கு வைத்த பெயர் ஆழிக்குமரன். படிப்பால் வழக்கறிஞர். 1971-இல் இலங்கையிலிருந்து இந்தியாவுக்கு நீந்திப் போய், அங்கேயே தங்கிவிடாமல் திரும்பவும் நீந்தி வந்தார். போக வர 51 மணி நேரம். இரண்டு பகல், இரண்டு இரவு, அதற்கு மேலும் மூன்று மணி. ஒற்றைக்காலில் நிற்பது, நடனம், சைக்கிள் என்று தரையிலும் உலக சாதனைகள் வைத்திருந்தார். ஆனாலும் கடல்தான் அவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. 1984 ஆகஸ்ட் 6-ஆம் தேதி, இங்கிலீஷ் கால்வாயை நீந்தும் முயற்சியில் உயிர் போனது. அப்போது அவருக்கு 41 வயது.

அதே ஆகஸ்ட் 6-ஆம் தேதி, 1926-இல், கெர்ட்ரூட் எடர்லே என்ற அமெரிக்கப் பெண் அதே கால்வாயைக் கடந்தார். அதைக் கடந்த முதல் பெண் அவர்தான். அதுவரை கடந்திருந்த ஆண்கள் எல்லாரையும்விட வேகமாகக் கரை சேர்ந்தார். ஒரே தேதி, ஒரே தண்ணீர். ஆனந்தனைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு இந்தத் தேதி நினைவுக்கு வந்துவிடும்.

◆ வங்காளத்து மிகிர் சென் 1966-இல் ஒரே ஆண்டில் ஐந்து நீர்வழிகளை நீந்திக் கடந்தார். அந்தச் சாதனையை 1994-இல் தாண்டியது யார்? சென்னையைச் சேர்ந்த குற்றாலீஸ்வரன். ஆறு நீர்வழிகள். பாக்கு நீரிணையை அவர் நீந்தியபோது வயது 12.

◆ மலேசியர்களில் முதன்முதலாக இங்கிலீஷ் கால்வாயை நீந்திக் கடந்தவர் பினாங்கின் அப்துல் மாலிக் மைடின். 2003 ஆகஸ்ட் 3-ஆம் தேதி, 17 மணி 42 நிமிடம்.

◆ கடலில் ஒருவர் நீந்தினால் யாரோ ஒரு நோயாளிக்கு எப்படிப் பணம் போகிறது? ஏற்பாடு எளியது. நீந்துகிறவர் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்: இந்தத் தேதியில், இந்த இடத்திலிருந்து அந்த இடம் வரை, இந்தக் காரியத்துக்காக நீந்தப் போகிறேன். தெரிந்தவர்கள் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்றோ மொத்தமாக இவ்வளவு என்றோ வாக்குக் கொடுக்கிறார்கள். வசூலாகும் தொகை அந்தக் காரியத்துக்குப் போகிறது. 2006 ஜூலையில் இங்கிலாந்து நகைச்சுவை நடிகர் டேவிட் வாலியம்ஸ் இப்படித்தான் கால்வாயில் இறங்கினார். 10 மணி 34 நிமிட நீச்சலில் பத்து லட்சம் பவுனுக்கு மேல் திரண்டது. தொழிலால் அவர் நீச்சல் வீரர் அல்லர், மாதக்கணக்கில் பயிற்சி எடுத்துத் தயாரானவர்.

இப்படி ஊர்கூடிக் கொடுப்பது நமக்குப் புதிய வழக்கம் அல்ல. மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழ் வேரூன்ற வேண்டும் என்று ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி 1950களில் ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதி திரட்டியபோது, ஆளுக்கு ஒரு வெள்ளி என்றுதான் கேட்டார். பால்மரம் வெட்டுகிற கைகள் கொடுத்தன. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டித் தோட்டங்களையே விலைக்கு வாங்கினார்கள். லயத்து வீடுகளில் ஏறி இறங்கி நோட்டுப் புத்தகத்தில் பெயர் எழுதி வசூலித்த தாத்தாக்களின் ஊர் இது. இங்கே ஒரு பிள்ளை போர்ட்டிக்சனில் ஒரு கிலோமீட்டர் நீந்துகிறது, அந்தப் பணத்தில் தமிழ்ப்பள்ளிக்குக் கணினி வாங்கலாம் என்று சொல்லிப் பாருங்கள். நோட்டு தானாக நிரம்பும்.

◆ பணம் திரட்டாமல், ஒரு செய்தியைச் சுமந்து நீந்துகிறவர்களும் உண்டு. 2022 மார்ச் 20-ஆம் தேதி ஜியா ராய் என்ற 13 வயதுச் சிறுமி தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி வரை ஏறக்குறைய 29 கிலோமீட்டரை 13 மணி 10 நிமிடத்தில் கடந்தாள். ஜியா ஆட்டிசம் உள்ள குழந்தை. தந்தை இந்தியக் கடற்படைக்காரர். ஆட்டிசம் பற்றி ஊர் அறிய வேண்டும் என்பதற்காகவே அந்த நீச்சல். அப்படிப்பட்ட பிள்ளையை வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கிற பெற்றோர் நம் பக்கத்திலும் இருக்கிறார்கள். அவர்கள் இதைப் படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

◆ அமெரிக்காவின் சாரா தாமஸ் மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடித்த மறு ஆண்டு, 2019 செப்டம்பரில், இங்கிலீஷ் கால்வாயை நிற்காமல் நான்கு முறை கடந்தார். 54 மணி நேரம். அந்த நோயிலிருந்து மீண்டவர்களுக்கு அதைக் காணிக்கையாக்கினார். நேர்க்கோட்டில் கணக்குப் பார்த்தால் ஏறக்குறைய 80 மைல். கடல் நீரோட்டம் அவரை இழுத்து இழுத்து ஏறக்குறைய 130 மைல் நீந்த வைத்தது. வரைபடத்தில் அளக்கிற தூரம் வேறு, கடல் கேட்கிற தூரம் வேறு. நீரோட்டத்தை நம் மீனவர்கள் நீவாடு என்பார்கள். தண்ணீர் ஏறுகிற நேரம், இறங்குகிற நேரம் பார்த்துத்தான் எந்தக் கடல் நீச்சலுக்கும் நாள் குறிக்கிறார்கள்.

◆ படகு பக்கத்திலேயே வந்தாலும் அதைத் தொடக்கூடாது! கால்வாய் நீச்சலின் விதி அது. தொட்டால் அந்த முயற்சி கணக்கில் சேராது. சாப்பாட்டை நீண்ட கழியில் அல்லது கயிற்றில் கட்டி நீட்டுவார்கள். மிதந்தபடியே குடித்துவிட்டு மறுபடி கை வீச வேண்டும். மணிக்கணக்கில் உப்புத் தண்ணீர் பட்டு நாக்கு வீங்கிவிடும். அக்குளிலும் கழுத்திலும் தோல் உரசிப் புண்ணாகும். வாசலின் பூசுவது அதற்காகத்தான்.

◆ குளிர்தான் ஆபத்து என்று நினைக்கிறோம். வெப்பமும் கொல்லும். 2010 அக்டோபரில் ஐக்கிய அரபு சிற்றரசுகளின் புஜைராவில் நடந்த 10 கிலோமீட்டர் போட்டியில், 26 வயது அமெரிக்க வீரர் பிரான் கிரிப்பன் சூடான கடல் நீரில் நீந்திக்கொண்டிருந்தபோதே இறந்துபோனார். அவர் காணாமல் போனது சக நீச்சல் வீரர்களுக்குத்தான் முதலில் தெரிந்தது. அதன் பிறகுதான் உலக நீச்சல் அமைப்பு, தண்ணீர் 31 டிகிரிக்கு மேல் இருந்தால் போட்டி நடத்தக்கூடாது என்று வரம்பு வைத்தது. மலாக்கா நீரிணையில் சாதாரண நாளிலேயே 29, 30 டிகிரி. விடிந்ததும் இறங்கி, வெயில் ஏறுமுன் கரையேறுவது இங்கே உயிர் காக்கிற விஷயம். தண்ணீருக்குள் வியர்ப்பது நமக்கே தெரியாது. தாகம் எடுக்காவிட்டாலும் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

◆ சொறிமீன் கொட்டினால் குழாய்த் தண்ணீரை ஊற்றாதீர்கள், மணலைப் போட்டுத் தேய்க்காதீர்கள். இரண்டும் தோலில் ஒட்டியிருக்கிற, இன்னும் வெடிக்காத விஷப் பைகளை வெடிக்க வைக்கும். நம் கடல்களில் பெட்டிச் சொறிமீன் உண்டு. அதன் கொட்டுக்கு முதல் உதவி வினிகர். அரை நிமிடமாவது ஊற்ற வேண்டும். மூச்சுத் திணறினால் தாமதிக்காமல் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். சோற்றுக் கூடையில் ஒரு போத்தல் வினிகர் இருக்கட்டும்.

◆ கரைக்கு வரப் பார்க்கிறீர்கள், கடல் உள்ளே இழுக்கிறது. என்ன செய்வது? எதிர்த்து நீந்தக்கூடாது. அந்த இழுப்பு பெரும்பாலும் குறுகலான ஓடை மாதிரிதான் இருக்கும். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அதிலிருந்து வெளியே வந்து, பிறகு கரையை நோக்கித் திரும்புங்கள். முடியவில்லை என்றால் மிதந்தபடி கையைத் தூக்கி ஆட்டுங்கள்.

◆ திரங்கானுவில் காப்பாஸ் தீவுக்கும் மாராங் கரைக்கும் இடையே திறந்த கடல் நீச்சல் போட்டி நடத்துகிறார்கள். தூரம் ஏறக்குறைய 6.5 கிலோமீட்டர்.

◆ 10 கிலோமீட்டர் திறந்த நீர் நீச்சல் 2008 பெய்ஜிங்கில்தான் ஒலிம்பிக்கில் சேர்ந்தது. அடுத்த ஒலிம்பிக்கிலேயே, 2012 லண்டனில், மலேசியாவின் ஹெய்டி கான் அதில் நீந்தினார்.

◆ 2021-இல் உலகம் முழுவதும் ஏறக்குறைய 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் சின்னப் பிள்ளைகள் நிறைய. ஜூலை 25-ஆம் தேதியை நீரில் மூழ்குவதைத் தடுக்கும் உலக நாளாக ஐக்கிய நாடுகள் சபை அறிவித்திருக்கிறது. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குத் தேதி சொல்லத் தேவையில்லை. மழைக்காலத்து ஆறு, பழைய ஈயக்குட்டை, பள்ளி விடுமுறை, ஒரு பந்து தண்ணீரில் விழுவது. ஓடிப்போய் இறங்கியவனுக்கு நீந்தத் தெரியாது, அவனைக் காப்பாற்ற இறங்கியவனுக்கும் தெரியாது. அந்தச் செய்தியைக் கேட்காத தோட்டம் இல்லை. அறப்பணிக்காக யாராவது போர்ட்டிக்சனில் நீந்தி வசூல் செய்தால், முதல் வெள்ளி இந்தப் பிள்ளைகளின் நீச்சல் வகுப்புக்குப் போகட்டும் என்பேன். நவரத்தினசாமியும் ஆனந்தனும் பிறந்த கரையில் பிள்ளைகள் நடக்கப் பழகும்போதே கடலையும் பழகினார்கள். ரப்பர் காட்டுக்குள் பிறந்த நம் பிள்ளைகளுக்கு அந்த வாய்ப்பை நாம்தான் உண்டாக்கித் தர வேண்டும்.

◆ நீச்சலில் முதல் பாடம் கை வீசுவது அல்ல, மல்லாந்து மிதப்பது. பிள்ளையின் பிடரிக்கு அடியில் உங்கள் உள்ளங்கையை வையுங்கள். காது இரண்டும் தண்ணீருக்குள் போகட்டும், முகவாய் மேலே பார்க்கட்டும், வயிறு தொய்யாமல் இருக்கட்டும். உப்புத் தண்ணீர் நல்ல தண்ணீரைவிட அடர்த்தியானது, அதனால் கடலில் உடம்பு இன்னும் எளிதாக மிதக்கும். முதலில் பிள்ளை பயத்தில் உங்கள் கையை இறுக்கிப் பிடிக்கும். கொஞ்ச நேரத்தில் அதன் மூச்சு சீராகும். அப்போது மெல்ல உங்கள் கையைக் கீழே இறக்குங்கள்.