உப்புப் பாத்தியில் தொடங்கும் மின்சாரப் பாடம்

மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், கம்பத்திலிருந்து என்பார்கள் தொடக்க வகுப்புக் குழந்தைகள். சரி, கம்பத்துக்கு எங்கிருந்து வந்தது? பாடம் இங்கேதான் தொடங்க வேண்டும். ஆனால் நாமோ புதுப்பிக்கத்தக்கவை, புதுப்பிக்க இயலாதவை என்று அட்டவணை போடத் தொடங்கிவிடுகிறோம்.

மரக்காணம் பகுதிக் குழந்தைகளுக்கு உப்பளமே முதல் பாடநூல். ஒரு லிட்டர் கடல்நீரில் உப்பு ஏறத்தாழ 35 கிராம்தான். மீதி நீரை அடுப்பில் வைத்துச் சுண்டவைக்க எவ்வளவு விறகு வேண்டும் என்று கேளுங்கள். ஒரு பாத்திக்கே கணக்கு எங்கோ போய்விடும். அந்த வேலையை வெயிலும் காற்றும் செய்கின்றன. இரண்டு தட்டுகளில் ஒரே அளவு உப்புநீர் ஊற்றி, ஒன்றை வெயிலிலும் மற்றொன்றை வகுப்பறையிலும் வைத்து, நாள்தோறும் மட்டத்தைக் குறிக்கச் சொல்லலாம்.

பாத்தியில் வெயில் நேராக வேலை செய்கிறது. மோட்டாருக்கு அப்படியில்லை, அதற்கு வேண்டிய மின்சாரத்தை வேறெங்கோ, வேறொன்றைக் கொண்டு உண்டாக்கி அனுப்புகிறார்கள். மூலம் வேறு, மின்சாரம் வேறு என்பதை இங்கே சொல்லிவிடலாம்.

அடுத்து, பழைய சைக்கிள் டைனமோ ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். சக்கரம் சுற்றினால் விளக்கு எரியும், நின்றால் அணையும். (சுவர் பிளக்கில் எந்தச் சோதனையும் வேண்டாம்.) பிறகு கேளுங்கள்: மின்நிலையத்தில் சுற்றிவிடுவது யார்? மேட்டூரில் அணைநீர், முப்பந்தலில் காற்று. 1962 முதல் மின்சாரம் தரும் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எரித்து உண்டாக்கும் நீராவி. நம் கடற்கரைச் சாலையில் வடக்கே உள்ள கல்பாக்கத்தில் அணுக்கரு பிளக்கும் வெப்பம், அங்கும் நீராவிதான். அணுமின் நிலையத்திலும் தண்ணீர்தான் கொதிக்கிறது என்பதைக் குழந்தைகள் எளிதில் நம்புவதில்லை. சுற்றாமலே மின்சாரம் தருவது சூரியத் தகடு. 2016இல் கமுதியில் 648 மெகாவாட் அளவுக்கு அவற்றை நிறுவினார்கள்.

வெயில் இல்லாத நாளில் தகடு என்ன செய்யும்? ஐப்பசி மழையில் உப்பளம் நின்றுபோவதை அறிந்த குழந்தை உடனே பதில் சொல்லும். ஆனால் அது வீட்டில் கூலி இல்லாத காலமும்கூட. ஆகவே உப்பளத்தைப் பற்றிப் பொதுவாகக் கேளுங்கள். வீட்டு நிலைமையைச் சொல்ல வைக்க வேண்டாம்.

ஐந்தாம் வகுப்புக்கு இன்னொரு கேள்வி. காற்று வீசுவதும் மழை பெய்வதும் சூரியனால். நெய்வேலிக் கரி, முன்னொரு காலத்தில் வெயிலில் வளர்ந்த தாவரம். அப்படியானால் மேலே சொன்ன ஐந்து ஊர்களில் சூரியனிடம் கடன் வாங்காத ஊர் எது?