எலியாவுக்குக் கிடைத்த உறக்கம்



நம் தமிழகத்தில் தவக்காலமும் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வும் பெரும்பாலும் சேர்ந்தே வருகின்றன. நள்ளிரவு கடந்தும் விளக்கு எரியும் வீடுகள் இந்நாள்களில் பல. தூங்கினால் மதிப்பெண் போய்விடும் என்ற அச்சம் பிள்ளைகளை மட்டுமல்ல, பெற்றோரையும் பிடித்துக்கொள்கிறது. இந்த அச்சத்தை இறைவார்த்தையின் ஒளியில் சிந்திப்போம்.

அரசர்கள் முதல் நூல், 19ஆம் அதிகாரம். ஈசபேல் அரசிக்கு அஞ்சி ஓடிய இறைவாக்கினர் எலியா, பாலைநிலத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் சோர்ந்து விழுகிறார். இனி வாழ்ந்தது போதும், உயிரை எடுத்துக்கொள்ளும் என்று மன்றாடிவிட்டு உறங்கிப் போகிறார். கடவுள் அவரைக் கடிந்துகொண்டாரா? இல்லை. வானதூதர் அவரைத் தட்டி எழுப்பி அப்பமும் தண்ணீரும் தருகிறார். உண்டவர் மறுபடியும் உறங்குகிறார். தூதர் அதையும் தடுக்கவில்லை. இரண்டாம் முறை எழுப்பி, நெடும்பயணம் இருக்கிறது, சாப்பிடு என்கிறார். அந்த உணவின் வலிமையால் எலியா 40 நாள் நடந்து ஓரேபு மலையை அடைகிறார். "இங்கே என்ன செய்கிறாய்?" என்ற பொருளில் ஆண்டவர் அவரிடம் கேள்வி கேட்டது அந்த மலையில்தான். முதலில் உணவும் உறக்கமும், கேள்வி பிறகு.

மருத்துவம் சொல்வதும் இதற்கு ஒத்துப்போகிறது. 13 முதல் 18 வயதினருக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவை. பகலில் படித்ததை மூளை நினைவில் பதித்துக்கொள்வது உறக்கத்தில்தான். விடிய விடியப் படிப்பவர், சேர்த்ததைக் களஞ்சியத்தில் வைக்காமல் வாசலிலேயே விட்டுவிடுகிறார். காலை 10 மணிக்கு வினாத்தாளைப் படிப்பதற்கென்றே 10 நிமிடம் தருகிறார்கள். தூங்கி எழுந்த கண்களுக்குத்தான் அந்த 10 நிமிடம் முழுமையாகப் பயன்படும்.

உழைக்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆண்டு முழுவதும் படிக்காதவரை ஓர் இரவுத் தூக்கம் காப்பாற்றாது. ஆனால் படித்தவரை ஓர் இரவு விழிப்பு கவிழ்த்துவிடும். ஆகவே மாணவச் செல்வங்களே, தேர்வுக்கு முந்தின மாலை புதிய பாடத்தைத் தொடாதீர்கள். எழுதிவைத்த குறிப்புகளை மட்டும் திருப்பிப் பாருங்கள். நுழைவுச்சீட்டையும் பேனாக்களையும் எடுத்துவைத்து, கைப்பேசியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, சிறு செபம் சொல்லிப் படுங்கள். எழுதி முடித்த தேர்வின் விடைகளைச் சரிபார்த்து மனம் கலங்காதீர்கள்.

பெற்றோரே, அந்த வானதூதரின் வேலை இப்போது உங்களுடையது. அடுத்த வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணைப் பேசாமல், சூடான உணவைக் கொடுத்து, நேரத்தோடு படுக்கச் சொல்லுங்கள். பங்கு மக்களாகிய நாமும் அன்பியக் கூட்டங்களை முன்மாலையிலேயே முடிப்போம். கோயில் ஒலிபெருக்கியின் ஓசையைக் குறைப்போம்.

இன்னொன்று. எலியாவைப் போல, போதும், வாழப் பிடிக்கவில்லை என்று ஒரு பிள்ளை சொன்னால், அதைச் சாக்குப்போக்கு என்று தள்ளிவிடாதீர்கள். அருகில் உட்கார்ந்து கேளுங்கள், தனியே விடாதீர்கள். 14416 என்ற இலவச எண்ணில் எந்நேரமும் மனநல ஆலோசனை கிடைக்கும். ஒரு பாடம் தவறினாலும் துணைத்தேர்வு உண்டு. பிள்ளைக்கு மாற்று இல்லை. இறைவாக்கினருள் பெரியவரான எலியாவே சோர்ந்தார். கடவுள் அவரைக் கைவிடவில்லை, அவருடைய பணியும் அங்கே முடிந்துவிடவில்லை.

புயலின் நடுவே படகில் தலையணை வைத்து உறங்கிய நம் ஆண்டவர் இயேசு, தேர்வெழுதும் நம் பிள்ளைகள் அனைவருக்கும் அமைதியான இரவையும் தெளிவான காலையையும் தந்து ஆசீர்வதிப்பாராக. ஆமென்.