தனி டம்ளர் எதற்கு? எல்லோரும் குடிக்கலாம் சர்க்கரை இல்லாத காபி காக்டெய்ல்!

எங்கள் வீட்டில் நாலு பேர் கூடினால், டிரேயில் ஒரு டம்ளர் மட்டும் தனியாகத் தெரியும். மற்றதெல்லாம் கண்ணாடி கிளாஸ். அது மட்டும் எவர்சில்வர். மாறிப்போய்விடக் கூடாதே என்று அம்மா வைத்த அடையாளம். அது அப்பாவுடையது. சர்க்கரை போடாதது.

அப்பாவுக்கு சுகர் என்று தெரிந்து 4 வருடங்கள் ஆகின்றன. அதற்கு முன் 30 வருடங்கள் லாரி புக்கிங் ஆபீஸ் வேலை. லோடு ஏறும்வரை ஒரு காபி, ஏறி முடித்ததும் ஒரு காபி. நாளைக்கு எட்டு டம்ளராவது உள்ளே போகும். டம்ளருக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை. ஒரு டீஸ்பூன் சர்க்கரை என்பது 4 முதல் 5 கிராம். கணக்குப் போட்டால், காபியில் மட்டுமே தினமும் 64 கிராமுக்குக் குறையாது. டாக்டர் சொன்ன மறுநாளே அத்தனையையும் விட்டார். புலம்பியதே இல்லை. ஆனால், அதன்பிறகு காபியை ரசித்துக் குடித்தும் நான் பார்த்ததில்லை. கஷாயம் மாதிரி ஒரே மூச்சில் குடித்துவிட்டு டம்ளரை வைத்துவிடுவார்.

போன மாதம் அக்காவின் கல்யாண நாள். தம்பி யூடியூப் பார்த்து, ஐஸ் போட்டு, மேலே நுரை நிற்க கோல்டு காபி செய்து ஆளுக்கொரு கிளாஸ் கொடுத்தான். அப்பாவுக்கு வழக்கம்போல எவர்சில்வர் டம்ளர். அவர் எதுவும் சொல்லவில்லை. என் கிளாஸைப் பார்த்து, “அந்த நுரை எப்படி பாப்பா அவ்வளவு நேரம் நிக்குது?” என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் அடுத்த மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் எங்கள் சமையலறை சோதனைக்கூடமானது.

காக்டெய்ல் என்றதும் பயப்பட வேண்டாம்

காபியில் காக்டெய்ல் என்றால் உலகம் முதலில் சொல்வது இரண்டு பெயர்களை. ஒன்று, விஸ்கி கலந்த ஐரிஷ் காபி. இன்னொன்று, 1980-களில் லண்டன் பார்டெண்டர் டிக் பிராட்செல் உருவாக்கிய எஸ்பிரெசோ மார்ட்டினி. இரண்டிலும் மது உண்டு, சர்க்கரையும் உண்டு. இன்சுலினோ, சில வகை சுகர் மாத்திரைகளோ எடுப்பவர்களுக்கு மதுவால் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும் ஆபத்தும் இருக்கிறது. எனவே நம் ரெசிப்பியில் அந்தப் பேச்சே கிடையாது. மது சேர்க்காத கலவையை மாக்டெய்ல் என்பார்கள். பெயர் எதுவாக இருந்தால் என்ன, பல சுவைகளைச் சரியான அளவில் சேர்ப்பதுதான் விஷயம்.

முதல் ஞாயிறு நான் செய்தது எல்லோரும் செய்கிற தப்பு. தம்பி செய்த அதே கோல்டு காபியில் சர்க்கரையை மட்டும் எடுத்துவிட்டேன். குடித்துப் பார்த்த அம்மா, “ஏண்டி, இதுக்கு அந்த எவர்சில்வர் டம்ளரே தேவலை” என்றார்.

காரணம் இருக்கிறது. சர்க்கரை இனிப்புக்கு மட்டும் இல்லை. ஐரிஷ் காபியில் கிரீம் மேலே மிதப்பதற்குச் சர்க்கரை ஒரு முக்கியக் காரணம்; அது காபியைக் கனமாக்குவதால் லேசான கிரீம் மேலேயே நின்றுவிடுகிறது. லாக்டௌன் காலத்தில் நாம் எல்லோரும் கை வலிக்க அடித்த டல்கோனா காபியிலும், நுரையைக் கெட்டியாக்கி நிற்கவைத்தது சர்க்கரைதான். தம்பியின் நுரை ரகசியமும் அதுவே. போதாததற்கு, குளிர்ச்சியில் நாக்குக்கு இனிப்பு குறைவாகத்தான் தெரியும். உருகிப்போன ஐஸ்கிரீமைக் குடித்துப் பாருங்கள், திகட்டும். அதனால் குளிர்ந்த பானத்தில் சர்க்கரையை அள்ளிப் போட வேண்டியிருக்கிறது. அதை எடுத்துவிட்டு வெறுமனே விட்டால், மிச்சம் இருப்பது கசப்பும் தண்ணீரும்.

ஒளிந்திருக்கும் சர்க்கரை

இரண்டாவது ஞாயிறு சமைக்கவில்லை. “வெளியில் எப்படிச் செய்கிறார்கள் என்று பார்ப்போம்” என்று அப்பாவை ஒரு மாலுக்கு அழைத்துப் போனேன். அங்கே ஒரு கஃபேயில் “சர்க்கரை இல்லாமல்” என்று இரண்டு முறை சொல்லி, டானிக் வாட்டரில் காபி ஊற்றும் பானம் ஒன்றை வாங்கினேன். அப்பா ரசித்துக் குடித்தார். வீட்டுக்கு வந்து குளுக்கோமீட்டரில் பார்த்தால், வழக்கத்தைவிட நன்றாகவே ஏறியிருந்தது. (எனக்குத் தெரியாமல் ஒரு வெஜ் பப்ஸும் சாப்பிட்டார் என்பதைப் பிறகு ஒப்புக்கொண்டார். பழி முழுவதும் காபி மேல் இல்லை.)

ஆனாலும் சந்தேகம் வந்து, கடையில் ஒரு டானிக் வாட்டர் டின்னைத் திருப்பிப் படித்தேன். சர்க்கரை இருந்தது. டானிக் வாட்டர் கசக்கும் என்பதால் அதில் சர்க்கரை இருக்காது என்று நானே நினைத்துக்கொண்டிருந்தேன். கசப்பை மறைக்கத்தான் அதில் சர்க்கரையே சேர்க்கிறார்கள்! நமக்கு வேண்டியது வெறும் சோடா. பெட்டிக்கடை சோடாவே போதும். பன்னீர் சோடா வேண்டாம், அது இனிப்பு.

இப்படி ஏமாற்றும் பொருள்கள் இன்னும் இருக்கின்றன. பேக்கரிகளில் பயன்படுத்தும் விப்பிங் கிரீம் பெரும்பாலும் இனிப்பு சேர்த்தே வரும். பாக்கெட்டைக் கிழித்து வெந்நீர் ஊற்றினால் போதும் என்கிற ரெடிமேட் காபிகளிலும் சர்க்கரை கலந்திருக்கும். நன்னாரி சர்பத் பாட்டிலில் பெரும்பகுதி சர்க்கரைப் பாகுதான். பாலில்கூட 100 மில்லிக்கு 5 கிராம் அளவுக்கு இயற்கையான சர்க்கரை உண்டு. இளநீர் காபி இப்போது ஃபேஷன். இளநீருக்கும் சொந்தமாகச் சர்க்கரை இருக்கிறது. “கருப்பட்டி போட்டா ஒண்ணும் ஆகாது” என்று எங்கள் அத்தை சொல்வார். அத்தை மன்னிக்கவும். கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, தேன் மூன்றுமே ரத்தச் சர்க்கரையை ஏற்றும்.

லேபிளைப் படிக்க ஒரு சின்ன டிப்ஸ்: இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணைய விதிப்படி, 100 மில்லியில் சர்க்கரை 0.5 கிராமுக்கு மேல் போகாத பானம்தான் ‘சர்க்கரை இல்லாதது’ என்று போட்டுக்கொள்ளலாம். ‘சர்க்கரை சேர்க்கப்படவில்லை’ என்பது வேறு. அந்தப் பொருளுக்கே உள்ள இயற்கைச் சர்க்கரை அதில் இருக்கலாம்.

“சரி, மாத்திரை போட்டுக்கொண்டால்?” என்று கேட்பீர்கள். சுக்ரலோஸ் என்ற செயற்கை இனிப்பு பிறந்த கதையே சுவாரஸ்யமானது. 1976-ல் லண்டனில் ஆய்வு செய்துகொண்டிருந்த இந்திய வேதியியலாளர் ஷஷிகாந்த் பட்னிஸிடம், பேராசிரியர் அந்தப் பொருளை ‘டெஸ்ட்’ செய்யச் சொன்னாராம். இவர் காதில் ‘டேஸ்ட்’ என்று விழ, நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டார் என்று சொல்வார்கள். அது சர்க்கரையைப்போல சுமார் 600 மடங்கு இனிப்பு. அளவோடு, டாக்டரிடம் கேட்டுப் பயன்படுத்துவதில் தவறில்லை. ஆனால், ‘எடை குறைக்கச் செயற்கை இனிப்புகளை நம்பாதீர்கள்’ என்று 2023-ல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது என்பதையும் அதிலேயே சொல்லியிருக்கிறார்கள். சில இனிப்புப் பவுடர்களில் அளவைக் கூட்ட மால்டோடெக்ஸ்ட்ரின் சேர்ப்பார்கள், அதையும் பார்த்து வாங்குங்கள். அப்பாவுக்கு அந்த மாத்திரைகளின் பின்சுவை பிடிப்பதில்லை. எனவே நாங்கள் வேறு வழியில் போனோம்.

நன்னாரிதான் ஹீரோ

இனிப்பு இல்லாமலேயே ‘இனிப்பு மாதிரி’ உணரவைக்க முடியும். ஏலக்காய், பட்டை, வெனிலா வாசனை வந்தாலே இனிப்பு வரப்போகிறது என்று நமக்குத் தோன்றும். பாயசத்திலும் கேக்கிலும் பழகிய மூக்கு. கிட்டத்தட்ட வெனிலா போலவே மணக்கிற ஒரு பொருள் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கிறது. நன்னாரி வேர். பாகாக்காமல் வேரை மட்டும் தண்ணீரில் ஊறவைத்தால், மணம் மட்டும் வரும். மண்பானைத் தண்ணீரில் பாட்டி போட்டுவைப்பாரே, அதே டெக்னிக்.

அடுத்தது கசப்பு. கசப்பை அடக்கச் சர்க்கரையைவிட உப்பு நன்றாக வேலை செய்கிறது. உப்புக் கரிப்பு தெரியவே கூடாது, அந்த அளவுக்கு. அதற்கு மேல் எலுமிச்சைத் தோலின் மணம், சோடாவின் சுரீர். அல்ஜீரியாவில் பிறந்த மசக்ரான் என்ற குளிர்ந்த காபியில் போர்ச்சுகல்காரர்கள் எலுமிச்சை சேர்க்கிறார்கள். காபியும் எலுமிச்சையும் சேருமா என்று முகம் சுளிக்க வேண்டாம். பால்தான் எலுமிச்சையோடு சேராது.

இனி செய்முறை.

தேவையானவை (2 கிளாஸுக்கு): சிக்கரி கலக்காத காபித்தூள் - 20 கிராம், கொதிக்கும் தண்ணீர் - 150 மில்லி, விரல் நீள நன்னாரி வேர் - 4 அல்லது 5, வெறும் சோடா - 300 மில்லி, எலுமிச்சைத் தோல் - 2 நீளத் துண்டுகள், ஏலக்காய் - 1, உப்பு - ஒரு சிட்டிகை, ஐஸ் கட்டிகள் - தேவையான அளவு.

செய்முறை: முதல் நாள் இரவே நன்னாரி வேரை மண் போகக் கழுவி, தட்டி, நடுவில் இருக்கும் குச்சியை நீக்குங்கள். ஒரு டம்ளர் வெந்நீரில் போட்டு மூடிவைத்து, காலையில் வடிகட்டி ஃபிரிட்ஜில் வையுங்கள். இரண்டு நாள்களுக்குள் பயன்படுத்திவிட வேண்டும். ஃபில்டரில் காபித்தூளோடு தட்டிய ஏலக்காயைப் போட்டு, கொதிக்கும் தண்ணீர் ஊற்றி டிகாக்‌ஷன் இறக்குங்கள். 100 மில்லி அளவுக்குக் கிடைக்கும். அதில் உப்பைக் கலந்து நன்றாக ஆறவிடுங்கள். உயரமான கிளாஸில் ஐஸ் நிரப்பி, நன்னாரித் தண்ணீர் 50 மில்லி, அதன் மேல் சோடா பாதி பாட்டில். கடைசியாக டிகாக்‌ஷன் 50 மில்லியை ஸ்பூன் பின்புறத்தில் மெதுவாக விடுங்கள். எலுமிச்சைத் தோலை கிளாஸுக்கு மேலே பிடித்து முறுக்கி, உள்ளே போட்டால் முடிந்தது.

வரிசை முக்கியம். டிகாக்‌ஷன் மேல் சோடாவை ஊற்றினால் பொங்கி மேடையெல்லாம் வழியும். எங்கள் வீட்டில் வழிந்தது, துடைத்தது நான். சோடாவில் சிக்கரி காபியும் சரிவரவில்லை, தேவையில்லாத கனமும் கசப்பும் வந்துவிட்டது. அதைப் பால் காபிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பைத் தவிர்த்துவிடலாம். எலுமிச்சைத் தோலே ஓரளவு சமாளிக்கும்.

அப்பாவின் நுரை

இதெல்லாம் சரி, அப்பா கேட்டது நுரையை அல்லவா? அதற்கு விடை கிரீஸில் இருக்கிறது. 1957-ல் தெசலோனிகி நகரக் கண்காட்சியில், இன்ஸ்டன்ட் காபி கலக்க வெந்நீர் கிடைக்காமல் திமித்ரிஸ் வாகோண்டியோஸ் என்ற விற்பனைப் பிரதிநிதி, குளிர்ந்த தண்ணீரை ஊற்றிக் குலுக்கினார். பொங்கி வந்த நுரைதான் இன்று கிரீஸ் முழுக்கக் குடிக்கும் ‘ஃப்ராப்பே’. இன்ஸ்டன்ட் தூளில் எண்ணெய்ப் பசை மிகக் குறைவு என்பதால், சர்க்கரை இல்லாமலேயே நுரை நிற்கும். கிரீஸில் சர்க்கரை இல்லாத ஃப்ராப்பேவுக்குத் தனிப் பெயரே உண்டு: ஸ்கேட்டோஸ்.

ஒரு டீஸ்பூன் இன்ஸ்டன்ட் காபித்தூள், இரண்டு டேபிள்ஸ்பூன் ஐஸ் தண்ணீர். மூடி இறுக்கமான பாட்டிலில் போட்டு அரை நிமிடம் வேகமாகக் குலுக்குங்கள். ஐஸும் தண்ணீரும் உள்ள கிளாஸில் கவிழ்த்தால் நுரை மேலே ஏறி உட்காரும். தண்ணீருக்குப் பதில் நன்னாரித் தண்ணீர் ஊற்றினால் இன்னும் நன்றாக இருக்கிறது. ஷேக்கர் எல்லாம் வாங்க வேண்டாம், பழைய ஊறுகாய் பாட்டில் போதும். நன்றாகக் கழுவியதாக இருக்கட்டும். எங்கள் முதல் ஃப்ராப்பேவில் ஆவக்காய் மணத்தது.

சர்க்கரை இல்லையே என்று மூன்று, நான்கு கிளாஸ் போய்விடாதீர்கள். 150 மில்லி டிகாக்‌ஷன் காபியில் 80 முதல் 120 மில்லிகிராம் காஃபின் இருக்கும். ஒரு நாளைக்கு 300 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் காபி வேண்டாம் என்பதும் அவர்கள் சொல்வதுதான்; உணவிலிருக்கும் இரும்புச்சத்து உடலில் சேர்வதை அது தடுக்கும். கர்ப்பிணிகள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்குக் காபியை விட்டுவிட்டு, நன்னாரித் தண்ணீர், எலுமிச்சை, சோடா மட்டும் கொடுங்கள். கிளாஸ் ஒன்றுதான் என்பதால் அவர்களும் சண்டைக்கு வர மாட்டார்கள்.

மூன்றாவது ஞாயிறு, அக்காவும் மாமாவும் வந்திருந்தார்கள். மாலை நான்கு மணிக்கு டிரேயில் ஏழு கண்ணாடி கிளாஸ்களோடு வந்தேன். அம்மா பதறிப்போய், “இதுல உங்கப்பாது எது?” என்றார்.

“எது வேணாலும் எடுத்துக்கலாம்மா.”

அப்பா டிரேயை இரண்டு முறை பார்த்துவிட்டு, நுரை அதிகமாக இருந்த கிளாஸைத் தேடி எடுத்தார். கால் மணி நேரம் வைத்துக் குடித்தார்.

“உப்பு கொஞ்சம் ஜாஸ்தி பாப்பா” என்றார்.