கேம் புரோகிராமிங்: பட்டத்தின் பெயரை விடுங்கள், சிலபஸைப் பாருங்கள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் கடலூர் மாவட்டத்துச் சேத்தியாத்தோப்பு பக்கம் தனியார் கல்லூரி நோட்டீஸ்களுக்குப் பஞ்சமே இருக்காது. சில வருடங்களாக அவற்றில் புதிதாக ஏறியிருக்கும் சொல் ‘கேமிங்’. கேமிங் டெக்னாலஜி, கேம் டிசைன், கேம் டெவலப்மென்ட் என்று வண்ண வண்ணமாக அச்சடித்திருப்பார்கள். பையன் அதைக் காட்டி “இதுதான் படிக்கணும்” என்பான். கரும்பு வெட்டி ஆலைக்கு அனுப்பிவிட்டுப் பணம் எப்போது வரும் என்று காத்திருக்கும் அப்பா கேட்பார்: “ரம்மியா?”

அந்தக் கேள்வியைச் சிரித்துத் தள்ள முடியாது. ஆன்லைன் ரம்மியில் பணத்தைத் தொலைத்து உயிரை விட்டவர்களின் செய்திகளைப் படித்துப் படித்து மரத்துப்போன ஊர் நம்முடையது. அதற்காகத்தான் தமிழ்நாடு அரசு 2022-ல் தனிச்சட்டம் கொண்டுவந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை நாடு முழுக்கத் தடை செய்தது. பெரிய பெரிய விளம்பரங்களோடு இருந்த நிறுவனங்கள் ஒரே வாரத்தில் பண ஆட்டங்களை மூடின. அங்கே வேலை பார்த்த இன்ஜினியர்கள் பலர் வீட்டுக்குப் போனார்கள். ஆகவே ‘கேமிங் துறையில் வேலை’ என்று யாராவது சொன்னால், எந்த கேம் என்று கேட்பது அப்பாவின் உரிமை. வீடியோ கேம் வேறு. அது சினிமா மாதிரி, எழுதி, வரைந்து, இசையமைத்து விற்கும் படைப்பு. அந்தத் தடைகள் அதைத் தொடவில்லை.

இரண்டாவது குழப்பம் இன்னும் செலவு வைப்பது. ஒரு கேமில் குறைந்தது மூன்று வேலைகள் உண்டு. உருவங்களை வரைவதும் அசைய வைப்பதும் ஒன்று. ஆட்டத்தின் விதிகளை யோசிப்பது இன்னொன்று. அதையெல்லாம் கணினியில் ஓட வைக்கும் கோடிங் மூன்றாவது. முதல் வேலைக்கான அனிமேஷன் படிப்பையே ‘கேமிங்’ என்று பெயர் மாற்றி விற்பது நடக்கிறது. நன்றாக வரைகிற பிள்ளைக்கு அதில் தவறில்லை. சென்னை தரமணியில் எம்.ஜி.ஆர். அரசு திரைப்படப் பயிற்சி நிறுவனத்திலேயே அனிமேஷன், விஷுவல் எஃபெக்ட்ஸில் பட்டப்படிப்பு இருக்கிறது. ஆனால் கோடிங் எழுத ஆசைப்பட்ட பிள்ளையை அதில் கொண்டுபோய்ச் சேர்த்தால் வருடங்களும் பணமும் போச்சு.

கோடிங் பக்கம் என்ன படிக்க வேண்டியிருக்கும்? பிளஸ் டூ கணக்குப் புத்தகத்தை எடுத்து ஆறாவது பாடத்தைத் திறந்தாலே பாதி தெரிந்துவிடும்: வெக்டர் இயற்கணிதத்தின் பயன்பாடுகள். ‘பப்ளிக்ல ரெண்டு பெரிய கணக்கு வரும்’ என்று மட்டும் நினைத்துப் படிக்கிற பாடம் அது. ஒரு கேமில் காவலாளி ஒருவன் நிற்கிறான் என்று வையுங்கள். அவன் நிற்கும் புள்ளி (2, 3). வலப்பக்கம் பார்த்து நிற்கிறான், அதாவது பார்வைத் திசை (1, 0). நீங்கள் (6, 5)-ல் வருகிறீர்கள். உங்கள் இடத்திலிருந்து அவன் இடத்தைக் கழித்தால் (4, 2). இதற்கும் பார்வைத் திசைக்கும் புள்ளிப் பெருக்கல் போட்டால் 4. விடை நேர்க்குறி என்றால் நீங்கள் அவன் முன்னால் இருக்கிறீர்கள், மாட்டிக்கொண்டீர்கள். சுற்றிப் போய் (0, 4)-க்கு வந்தால் வித்தியாசம் (−2, 1), பெருக்கினால் −2. முதுகுப் பக்கம், தப்பித்தீர்கள். சுவருக்குப் பின்னால் ஒளிந்து நகரும் ஆட்டங்கள் பலவற்றிலும் இந்த ஒரு வரிக் கணக்கு எங்கோ உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது. உருவத்தைத் திருப்புவதும் பெரிதாக்குவதும் முதல் பாடத்தில் வரும் அணிகளின் வேலை. எகிறிக் குதித்துக் கீழே விழுவது பதினோராம் வகுப்பு இயற்பியல்.

இத்தனையையும் நேரத்துக்குள் முடிக்க வேண்டும். திரையில் விநாடிக்கு 60 படம் ஓட வேண்டுமானால் ஒரு படத்துக்குக் கிடைப்பது 16.7 மில்லி விநாடி. அதற்குள் எதிரிகள் எல்லாரும் யோசித்து, மோதல்களைக் கணக்கிட்டு, படத்தை வரைந்து முடிக்க வேண்டும்; தாமதமானால் ஆட்டம் திக்கும். சி++ மொழி, டேட்டா ஸ்ட்ரக்சர், ஆபரேட்டிங் சிஸ்டம், கணினி வரைகலை எல்லாம் இந்தத் தொழிலுக்கு ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிட நேரடியான காரணம் இல்லை.

இதற்கென்று தனிப் பட்டம் வந்து முப்பது வருடம்கூட முழுதாக ஆகவில்லை. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தின் டிஜிபென் நிறுவனம் நின்டெண்டோவின் துணையோடு முதலில் கனடாவில் கேம் புரோகிராமிங் வகுப்பு நடத்தியது. பிறகு 1990-களின் பிற்பகுதியில் பட்டப்படிப்பைத் தொடங்கியது. ஸ்காட்லாந்தின் டண்டி நகரில் அபர்டே பல்கலைக்கழகம் தன் பட்டப்படிப்பை 1997-ல் தொடங்கியது. டிஜிபென் மாணவர்கள் சிலர் 2005-ல் கல்லூரி புராஜெக்டாக ‘நார்பாகுலர் டிராப்’ என்ற சின்ன கேம் செய்தார்கள். சுவரில் ஓட்டை போட்டு இன்னொரு சுவர் வழியாக வெளியே வருவதுதான் விளையாட்டே. வால்வ் நிறுவனம் அதைப் பார்த்துவிட்டு அந்தக் குழுவையே வேலைக்கு எடுத்துக்கொண்டது. அது 2007-ல் ‘போர்ட்டல்’ ஆக வந்தது. இன்றும் உலகம் கொண்டாடுகிறது.

தனிப் பட்டத்தின் பலம் இந்தக் கதையில் இருக்கிறது. வரைகிறவரும் கோடிங் எழுதுகிறவரும் ஒரே வகுப்பில் உட்கார்ந்து வருடா வருடம் ஒரு கேமை முடித்துக் காட்டுவார்கள். நம்மூர் சி.எஸ்.இ. படிப்பில் அது கிடையாது. வரைகலை என்ற பாடம் பல இடங்களில் விருப்பப் பாடமாக ஒரு செமஸ்டரில் வந்து போகும். இறுதியாண்டு புராஜெக்டை எங்கிருந்தோ வாங்கி ஒப்பேற்றுகிறவர்களும் உண்டு. இதை மறைத்து சி.எஸ்.இ.-க்கு வக்காலத்து வாங்க முடியாது.

இந்தியாவிலும் தனிப் பட்டங்கள் இருக்கின்றன. வி.ஐ.டி. போபாலில் கேமிங் டெக்னாலஜி பிரிவோடு பி.டெக். கம்ப்யூட்டர் சயின்ஸ் உண்டு. தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் டிஜிட்டல் கேம் டிசைனுக்கு முதுநிலைப் படிப்பு உண்டு. சென்னையைச் சுற்றியும் இந்தப் பெயர் போட்ட படிப்புகள் பெருகிவிட்டன. எதில் சேர்வதாக இருந்தாலும் நோட்டீஸைத் தூரப் போட்டுவிட்டு, செமஸ்டர் வாரியான சிலபஸைக் கேட்டு வாங்குங்கள். கணக்கு எத்தனை தாள்? சி++ இருக்கிறதா, அல்லது ஏதோ ஒரு மென்பொருளை இயக்கக் கற்றுக்கொடுப்பதோடு சரியா? சொல்லித்தருகிறவர் எப்போதாவது ஒரு கேமை வெளியிட்டிருக்கிறாரா? போன வருடம் படித்து முடித்தவர்கள் செய்த கேமை எங்கள் போனில் ஓட்டிப் பார்க்க முடியுமா? கடைசிக் கேள்விக்கு ‘அடுத்த வாரம் வாங்க’ என்று பதில் வந்தால் அடுத்த வாரம் போக வேண்டாம். பட்டம் வழங்கும் அதிகாரம் பல்கலைக்கழகத்துக்கும், நாடாளுமன்றச் சட்டத்தால் அந்த அதிகாரம் பெற்ற நிறுவனத்துக்கும் மட்டுமே உண்டு. பயிற்சி மையம் ‘டிகிரி’ என்று சொன்னால் எந்தப் பல்கலைக்கழகத்தின் பட்டம் என்று எழுத்தில் கேளுங்கள்.

மென்பொருளை மட்டும் கற்பது ஏன் ஆபத்து என்பதற்கு ஒரு சம்பவம் போதும். மொபைல் கேம்களில் பெரும்பங்கு யூனிட்டி என்ற எஞ்சினில், அதாவது கேம் செய்யும் மென்பொருளில், செய்யப்படுபவை. அந்த நிறுவனம் 2023 செப்டம்பரில், இனி இன்ஸ்டால் எண்ணிக்கையை வைத்துக் கட்டணம் என்று திடீரென அறிவித்தது. உலகம் முழுக்க எதிர்ப்பு கிளம்பி, ஒரு வருடம் கழித்து அதைக் கைவிட்டது. இடைப்பட்ட காலத்தில் பலர் வேறு எஞ்சினுக்கு மாறினார்கள். அடிப்படை தெரிந்தவருக்கு அது சில வார வேலை. பொத்தான்களை மட்டும் மனப்பாடம் செய்தவருக்கு முதலிலிருந்து படிப்பு.

வேலை நிலவரம் சுமார்தான். கொரோனா காலத்தில் ஆள் எடுத்துக் குவித்த நிறுவனங்கள் பிறகு வெளியே அனுப்பின. மைக்ரோசாஃப்ட் மட்டும் 2024 ஜனவரியில் கேம் பிரிவில் 1,900 பேரைக் குறைத்தது. இந்தியாவில் பெரிய ஸ்டுடியோக்கள் பெங்களூரு, புனே, ஹைதராபாத், மும்பையில்தான் அதிகம். சென்னை இதில் பின்தங்கியே இருக்கிறது. கேம் வேலை கிடைக்காத வருடத்தில் பேங்க் சாஃப்ட்வேர் எழுதியாவது வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டிய குடும்பம் என்றால், பட்டத்தில் ‘கம்ப்யூட்டர் சயின்ஸ்’ என்று இருப்பது பெரிய காப்பு.

மறுபக்கம், ‘வெண்பா’வைப் பாருங்கள். கனடாவில் டொரண்டோவின் விசை கேம்ஸ் என்ற சிறு குழு 2023-ல் வெளியிட்ட கேம் அது. கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பம், அம்மாவின் கிழிந்துபோன சமையல் குறிப்பு, இட்லி ஊற்றுவதில் தொடங்கும் ஆட்டம். அறிமுகப் படைப்புக்கான பாஃப்டா விருதை 2024-ல் வாங்கியது. நம் அடுப்படியை வைத்துச் செய்த கேமுக்கு உலகம் காசு கொடுத்தது.

சேத்தியாத்தோப்பு மாணவருக்கு என் தீர்ப்பு இது. கட்-ஆஃப் இடம் கொடுத்தால், கவுன்சிலிங் வழியாக நல்ல கல்லூரி ஒன்றில் சி.எஸ்.இ. அல்லது ஐ.டி. எடுங்கள். பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1929-ல் தொடங்கி 2013-ல் அரசு எடுத்துக்கொண்ட இடம், அதையும் பட்டியலில் வையுங்கள். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்தவர் என்றால், 2021 சட்டப்படி 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேர்பவரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகச் சேர்ந்தால் அந்தச் சலுகை கிடையாது. மிச்சமாகும் லட்சங்களில் ஒரு பகுதிக்கு வரைகலை அட்டை உள்ள லேப்டாப் வாங்கலாம். வரைகலைப் பாடங்களை ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் என்பிடெல் இணையதளத்தில் இலவசமாகவே நடத்துகிறார்கள். கடன் வாங்காமல் கட்ட முடிந்து, சிலபஸும் மேலே சொன்ன கேள்விகளுக்குத் தாக்குப்பிடித்தால், தனிப் பட்டத்துக்குப் போவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

கவுன்சிலிங்கில் விருப்பப் பட்டியலை உறுதி செய்வதற்கு முன் ஒரு சோதனை. கோடாட் என்ற எஞ்சின் முற்றிலும் இலவசம், சாதாரண கம்ப்யூட்டரிலும் ஓடும். அதன் மொழி, பிளஸ் டூ கணினி அறிவியலில் படித்த பைத்தானைப் போலவே இருக்கும். மேலே சொன்ன காவலாளியை அதில் செய்து பாருங்கள். மூன்றாவது நாள் சலிப்புத் தட்டினால், கேமை ஆடுவது மட்டும்தான் பிடிக்கும் என்று தெரிந்துகொண்டு வேறு படிப்பைத் தேடுங்கள்.