நிழலை நடக்க வைத்த கத்தரிக்கோல்

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் நம் வீடுகளில் தொலைக்காட்சிக்கும் கைபேசிக்கும் ஓய்வே கிடையாது. பிள்ளைகள் கார்ட்டூன் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். நாமும் அடுக்களையில் இருந்தபடியே "போதும், அணைச்சு வை" என்று சத்தம் போடுவோம். ஆனால் அந்தப் படத்தை எப்படிச் செய்கிறார்கள், யாருடைய கதையை யார் சொல்கிறார்கள் என்று அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது மிகக் குறைவு. அப்படிப் பேசத் தோதான ஒரு பழைய படம் இருக்கிறது.

1926-இல் பெர்லினில் வெளியான 'இளவரசர் அஹ்மதின் சாகசங்கள்' என்ற படம்தான் அது. இன்று பார்க்கக் கிடைக்கும் முழுநீள அனிமேஷன் படங்களில் இதுவே மிகப் பழையது. அர்ஜென்டினாவில் 1917-இலேயே ஒன்றை எடுத்திருந்தார்கள். அதன் பிரதி எதுவும் மிஞ்சவில்லை. வால்ட் டிஸ்னியின் 'ஸ்னோ ஒயிட்' வந்தது 1937-இல். அதற்குப் பதினோரு ஆண்டுகள் முன்பே ஆயிரத்தொரு இரவுகளின் கதையைப் படமாக்கிய லோட்டே ரைனிகர் ஓர் இளம்பெண். 1923-இல் வேலையைத் தொடங்கியபோது அவருக்கு வயது இருபத்து நான்குதான்.

பணம் போட்டவர் லூயி ஹாகன் என்ற வங்கியாளர். ஜெர்மனியில் பணத்தின் மதிப்பு நாளுக்கு நாள் சரிந்துகொண்டிருந்த காலம் அது. பணமாக வைத்திருந்தால் கரைந்துவிடும் என்று ஏராளமான ஃபிலிம் சுருளாக வாங்கி வைத்திருந்தார். போட்ஸ்டாமில் இருந்த அவர் வீட்டுக் கார் கொட்டகையின் மாடியே ஸ்டுடியோ ஆனது.

அனிமேஷனில் உண்மையில் எதுவும் அசைவதில்லை. கொஞ்சம் கொஞ்சமாக மாறும் அசையாத படங்களை வேகமாக அடுத்தடுத்துக் காட்டும்போது நமக்கு அசைவு தெரிகிறது, அவ்வளவுதான். இன்றைய திரைப்படக் கணக்கில் விநாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. ஒரு நிமிடத்துக்கு 1,440.

ரைனிகர் தம் பாத்திரங்களைக் கறுப்பு அட்டையிலும் மெல்லிய ஈயத் தகட்டிலும் கத்தரித்தார். தலை, தோள், முழங்கை, மணிக்கட்டு, முழங்கால் என்று தனித்தனியாக வெட்டி, மூட்டுகளைக் கம்பியால் இணைத்தார். கண்ணாடி மேசையின் மேல் பொம்மையைக் கிடத்தி, அடியிலிருந்து விளக்கு, மேலிருந்து கேமரா. கையை நூலளவு நகர்த்த வேண்டும். ஒரு படம் எடுக்க வேண்டும். மறுபடி நகர்த்த வேண்டும். கேமராவைப் பார்த்துக்கொண்டவர் கணவர் கார்ல் கோஹ். சுமார் 65 நிமிடம் ஓடும் படத்துக்கு மூன்று ஆண்டுகள் பிடித்தன. நம் வீட்டுப் பெண்கள் மெஹந்தி போடும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வார்களே, அந்தக் கவனம் மூன்று ஆண்டுகள் நீடித்ததாக வைத்துக்கொள்ளுங்கள்.

பாத்திரங்கள் வெறும் நிழல்கள். பெரும்பாலும் பக்கவாட்டில்தான் தெரிவார்கள். விழியும் புருவமும் காட்டாமல் துக்கத்தை எப்படிக் காட்டுவது? கழுத்து கொஞ்சம் தாழ்கிறது, விரல்கள் மெல்ல மடிகின்றன. மீதியைப் பார்ப்பவரின் மனம் நிரப்பிக்கொள்கிறது. மந்திரவாதி கொண்டுவரும் பறக்கும் குதிரையில் அஹ்மது ஏறிவிடுகிறார். மேலே போகத் தெரிகிறது, இறங்கத் தெரியவில்லை. மேகங்களுக்கு நடுவே அந்தச் சின்னக் கறுப்பு உருவம் தத்தளிக்கும்போது நமக்கே வயிற்றைப் பிசைகிறது.

நிழலைக் கொண்டு கதை சொல்வது நம் சமூகங்களுக்குப் புதிதும் இல்லை. மோசூலில் பிறந்து கெய்ரோவில் கண் மருத்துவராக இருந்த இப்னு தானியால், மம்லூக் ஆட்சிக் காலத்தில் அரபியில் எழுதிய மூன்று நிழல் நாடகங்கள் இன்றும் உள்ளன. இஸ்தான்பூலில் ரமளான் இரவுகளில் கராகோஸ் நிழல் பொம்மை ஆட்டம் பார்க்கக் கூட்டம் கூடியது. ஜாவாவில் இஸ்லாம் பரவியதில் வயாங் நிழற்கூத்துக்கும் பங்கு உண்டு என்று அங்குள்ள முஸ்லிம்கள் சொல்வது வழக்கம். நம் ஊர்த் தோல்பாவைக் கூத்தும் இதே குடும்பம்தான். (உருவப் படங்கள் பற்றிய மார்க்கச் சட்டப் பேச்சை ஆலிம்களிடம் விட்டுவிடுவோம், இங்கே நாம் பார்ப்பது தொழிலையும் கதையையும்.)

இனி அந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 1709-இல் அலெப்போவைச் சேர்ந்த ஹன்னா தியாப் என்ற மரோனைட் கிறிஸ்தவ இளைஞர் பாரிஸுக்குப் போயிருந்தார். ஆயிரத்தொரு இரவுகளைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்த அந்துவான் கலானுக்கு அவர் பல கதைகளை வாயால் சொன்னார். அலாவுதீனும் விளக்கும், இளவரசர் அஹ்மதும் பரி பானுவும், பறக்கும் குதிரை எல்லாம் அவற்றில் அடக்கம். ரைனிகரின் படம் இந்த மூன்றையும் கோத்துத்தான் செய்யப்பட்டது. கலான் தம் நாட்குறிப்பில் தியாபைப் பற்றி எழுதி வைத்தார்; அச்சிட்ட நூலில் அவர் பெயர் இல்லை. தியாப் முதுமையில் அரபியில் எழுதிய பயண நினைவுகள் வத்திக்கான் நூலகத்தில் வெகுகாலம் கிடந்து, 2015-இல்தான் பிரெஞ்சில் நூலாக வந்தன. கதை உலகம் சுற்றியது, சொன்னவரைப் பின்னால் விட்டுவிட்டு.

சொல்பவர் மாறினால் கதை மாறும் என்பதற்கு 1992-இல் வந்த டிஸ்னியின் 'அலாவுதீன்' சாட்சி. அதன் தொடக்கப் பாடலில் அரபு நாட்டைக் கொடுமை நிறைந்த இடமாகக் காட்டிய வரிகளுக்கு அமெரிக்க அரபு அமைப்பினர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். 1993-இல் வீடியோ வெளியானபோது அந்த வரிகள் மாற்றப்பட்டன. அந்த நாட்டைக் காட்டுமிராண்டித்தனம் என்று சொல்லும் சொல் மட்டும் அப்படியே நின்றது. நல்லவர்களான அலாவுதீனும் ஜாஸ்மினும் அமெரிக்கர்களைப் போலப் பேச, காவலர்களும் கடைக்காரர்களும் அரபு வாடையோடு பேசினார்கள். படப்பிடிப்பில் தற்செயலாக ஏதோ விழுந்துவிட்டது என்று அனிமேஷனில் சொல்ல முடியாது. மூக்கின் வளைவு முதல் குரல் வரை ஒவ்வொன்றையும் யாரோ உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள்.

ரைனிகரையும் இதில் விட்டுவிட முடியாது. அவருடைய படத்தில் வில்லன் ஓர் ஆப்பிரிக்க மந்திரவாதி; அவர் காட்டும் கிழக்கும் பெர்லினிலிருந்து கற்பனை செய்த கிழக்குதான். கலையை ரசித்துக்கொண்டே இதையும் பிள்ளைகளிடம் சொல்லலாம். அந்தப் படத்தின் மூல நெகட்டிவ் 1945-இல் பெர்லின் சண்டையில் அழிந்துபோனது. பிரிட்டனில் இருந்த பிரதியைக் கொண்டு பிற்காலத்தில் மீட்டார்கள்.

பார்த்து முடித்த பிறகு பிள்ளைகள் சும்மா இருக்க மாட்டார்கள். கல்யாணப் பத்திரிகை அட்டை, கத்தரிக்கோல், மூட்டுக்கு நூல் முடிச்சு போதும். நாற்காலிகள் இரண்டுக்கு நடுவே ஒரு கண்ணாடித் தட்டை வைத்து, மேலே மெல்லிய வெள்ளைத் தாள் விரித்து, அடியில் விளக்கு வைத்தால் ரைனிகரின் மேசை தயார். கைபேசி ஆடாமல் இருக்க ஏதாவது முட்டுக்கொடுங்கள். விநாடிக்கு 12 படம் என்று வைத்தாலே அசைவு தெரியும். பத்து விநாடிக் கதைக்கு 120 படங்கள். என்ன கதை என்று வீட்டில் இருக்கும் நன்னியிடம் முதலில் கேளுங்கள். கடைசியில் பெயர் போடும்போது நன்னியின் பெயரையும் போடச் சொல்லுங்கள்.