ஓட விடுமுன் ஒரு பரிசோதனை



கோட்டாறு கடைத்தெருவிலும் சவேரியார் பேராலயத் திருவிழாக் கூட்டத்திலும் எத்தனையோ பிள்ளைகளைப் பார்க்கிறோம். அறிவுத்திறன் குறைபாடுள்ள பிள்ளைகளை மட்டும் அரிதாகவே பார்க்கிறோம். "விழுந்து கிழுந்து வச்சா என்ன செய்ய டாக்டர்?" என்பது தாய்மாரின் கேள்வி. விழுவதற்குப் பயம் பாதி, ஊராரின் கேலிக்குப் பயம் பாதி. வீட்டுக்குள்ளேயே வளரும் பிள்ளை இருபது வயதில் உடல் பருத்து, படியேறவே மூச்சு வாங்குகிறது. இவர்களுக்கென்று நடக்கும் விளையாட்டைப் பற்றியும், அதில் மருத்துவமனைக்குள்ள பங்கைப் பற்றியும் சொல்ல விரும்புகிறோம்.

அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் சகோதரி யூனிஸ் ஷ்ரைவர் அம்மையார் 1962-ல் மேரிலாந்திலுள்ள தம் வீட்டிலேயே இப்பிள்ளைகளுக்கு ஒரு கோடை முகாம் நடத்தினார். அவருடைய அக்காள் ரோஸ்மேரிக்கும் இதே குறைபாடு இருந்தது. 1968 ஜூலை 20-ல் சிகாகோவில் முதல் ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் நடந்தது. (பாராலிம்பிக்ஸ் வேறு, இது வேறு.) நம் நாட்டில் 2001-ல் தொடங்கிய ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் பாரத், 2006-ல் தேசிய விளையாட்டுக் கூட்டமைப்பாக மத்திய அரசின் அங்கீகாரம் பெற்றது. 2023-ல் பெர்லினில் நம்மவர்கள் வென்ற பதக்கங்கள் 202; அவற்றில் தங்கம் 76.

"எல்லாருக்கும் பாவம் பார்த்துப் பரிசு கொடுப்பார்களாக்கும்" என்று சிலர் நினைப்பதுண்டு. அது சரியல்ல. முதலில் முன்னோட்டம் வைத்து ஒவ்வொருவரின் வேகத்தையும் அளக்கிறார்கள். நூறு மீட்டரை 16 வினாடியில் ஓடுகிறவனையும் 30 வினாடியில் ஓடுகிறவனையும் ஒன்றாக நிறுத்துவதில்லை. வயது, பால், திறன் மூன்றையும் பார்த்து, ஏறக்குறைய சமமானவர்களை மூன்று முதல் எட்டுப் பேர் கொண்ட பிரிவாகச் சேர்க்கிறார்கள். முன்னோட்டத்தில் வேண்டுமென்றே மெதுவாக ஓடினால் தகுதி நீக்கமும் உண்டு. ஓட முடியாதவர்களுக்கு 25 மீட்டர் நடை இருக்கிறது. தோற்கவும் வாய்ப்புள்ள போட்டி என்பதால்தான் அந்த வெற்றிக்கு மதிப்பு.

மைதானத்தில் இறங்குமுன் மருத்துவர் கையொப்பமிட்ட படிவம் வேண்டும். இது வெறும் சடங்கல்ல. டவுன் சின்ட்ரோம் உள்ள குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்குப் பிறவியிலேயே இருதயக் கோளாறு உண்டு. சிலருக்குக் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளை இணைக்கும் தசைநார்கள் தளர்வாக இருக்கும். தலைகுப்புறக் கரணம் போட்டாலோ, தலை முன்னால் பாய நீரில் குதித்தாலோ தண்டுவடம் நசுங்கிக் கைகால் செயலிழக்கக்கூடும். 1983 முதல் இதற்காகக் கழுத்து எக்ஸ்ரே கேட்டு வந்தார்கள். எக்ஸ்ரே மட்டும் ஆபத்தைச் சரிவரக் காட்டாததால், இப்போது அறிகுறிகளுக்கே முதலிடம். நடையில் திடீர் மாற்றம், கைகால் பலவீனம், கழுத்துவலி, இதுவரை இல்லாமல் சிறுநீர் அடக்க முடியாமை ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் விளையாட்டை நிறுத்தி உடனே காட்ட வேண்டும். மற்றவர்கள் பயமின்றி ஓடலாம்.

இன்னொன்று. இப்பிள்ளைகளில் பலருக்குப் பல்வலியையோ காது மந்தத்தையோ சொல்லத் தெரியாது. "சொன்ன பேச்சுக் கேக்க மாட்டான்" என்று அடிவாங்கும் பையனுக்கு உண்மையில் காதில் குறும்பி அடைத்திருக்கலாம். ஆகவே 1997 முதல் உலக அளவில் இப்போட்டிகளோடு கண், காது, பல், பாதப் பரிசோதனைகளும் சேர்ந்தே நடக்கின்றன.

எட்டு வயது நிரம்பினால் போட்டியில் சேரலாம். மேல் வயது வரம்பு கிடையாது. இரண்டு முதல் ஏழு வயதுக் குழந்தைகளுக்குப் பந்து உருட்டுதல், கோட்டின்மேல் நடத்தல் போன்ற பயிற்சிகள் உண்டு. உங்களுக்குத் தெரிந்த வீட்டில் இப்படியொரு பிள்ளை இருந்தால், அருகிலுள்ள சிறப்புப் பள்ளியிலோ நாகர்கோவிலிலுள்ள மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலோ விசாரிக்கச் சொல்லுங்கள். அன்பளிப்பாகக் காலணி கொடுக்க நினைப்பவர்கள் பிள்ளையின் பாதத்தைத் தாளில் வரைந்து எடுத்துச் செல்வது நல்லது. டவுன் சின்ட்ரோம் பிள்ளைகளின் பாதம் குட்டையாகவும் அகலமாகவும் இருப்பதால், நீளம் மட்டும் பார்த்து வாங்கும் கேன்வாஸ் ஷூ இறுக்கிப் புண்ணாக்கிவிடும்.